மடிக்கணினியா, கையடக்க விளையாட்டுக் கருவியா? வாசகர் கேள்வி பதில்

சிங்கப்பூரின் பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் புதிய கல்வியாண்டு ஏப்ரல் மாதத்தில் தொடங்குகிறது. அதற்கு முந்தைய வாரங்களில் இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் பல, கணினி வாங்குவதைப் பற்றியே இருக்கும். இம்முறை வந்த கடிதங்களில் ஒரே கேள்வி வெவ்வேறு வடிவங்களில் திரும்பத் திரும்ப வந்திருப்பதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: சாதாரண நிலைத் தேர்வை முடித்து, பலதுறைத் தொழிற்கல்லூரியில் தகவல் தொழில்நுட்பப் பட்டயப் படிப்பில் சேரவிருக்கிறேன். பகுதிநேர வேலையில் சேர்த்ததும் தாத்தா கொடுத்ததுமாக 1,500 வெள்ளி கையில் இருக்கிறது. கையடக்க விளையாட்டுக் கருவி ஒன்றை வாங்கி, வீட்டில் இருக்கும் கணினித் திரையோடும் விசைப்பலகையோடும் இணைத்துக்கொண்டால் படிப்புக்கும் அதுவே போதும் என்கிறார் அண்ணன். அம்மா மடிக்கணினிதான் வாங்க வேண்டும் என்கிறார். யார் சொல்வது சரி?
— வாசகர், தெம்பனிஸ்

பதில்: தம்பி, உங்கள் அண்ணன் சொல்வதில் உண்மை இருக்கிறது. 2022 பிப்ரவரியில் வால்வ் நிறுவனம் வெளியிட்ட ஸ்டீம் டெக், 2023 ஜூனில் வந்த ஏசுஸ் ஆர்ஓஜி அல்லை, அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த லெனோவோ லீஜன் கோ ஆகியவை விளையாட்டுக் கருவிகள் என்று விற்கப்பட்டாலும், உள்ளே இருப்பவை முழுமையான கணினிகளே. கணினியின் மூளையாக இயங்கும் ஏஎம்டி செயலி, 16 ஜிபி நினைவகம், வெளித்திரையை இணைக்க உதவும் யுஎஸ்பி-சி துளை என்று ஒரு நடுத்தர மடிக்கணினியில் எதிர்பார்க்கும் உறுப்புகள் அவற்றிலும் உள்ளன. ஆர்ஓஜி அல்லையும் லீஜன் கோவும் விண்டோஸ் 11இல் இயங்குவதால், விண்டோஸுக்கான எந்த மென்பொருளையும் அவற்றில் நிறுவலாம். ஆகவே இவற்றை வெறும் பொம்மை என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆயினும் உங்கள் நிலையில் இருக்கும் ஒருவருக்கு நான் மடிக்கணினியையே பரிந்துரைப்பேன். கருவியின் வேகத்தில் எனக்கு ஐயமில்லை. நீங்கள் எங்கே அமர்ந்து வேலை செய்யப்போகிறீர்கள் என்பதைத்தான் நான் எண்ணிப் பார்க்கிறேன். அண்ணன் சொல்லும் ஏற்பாடு உங்கள் அறையில், உங்கள் மேசையில், திரையும் விசைப்பலகையும் அருகில் இருக்கும்போது மட்டுமே செயல்படும். தகவல் தொழில்நுட்பம் படிக்கும் மாணவரின் நாளில் பெரும்பகுதி அந்த அறைக்கு வெளியேதான் கழிகிறது. பயிற்சி வகுப்பில் ஆசிரியர் ஒரு வரி எழுதச் சொன்னால் அப்போதே எழுதி ஓட்டிப் பார்க்க வேண்டும். நான்கைந்து பேர் கொண்ட குழுவாகச் செய்யும் திட்டப்பணிகள் உணவகத்திலும் நூலகத்திலும், வகுப்புகளுக்கு இடையே கிடைக்கும் ஒரு மணி நேரத்திலும் நடக்கும். அந்த மேசையில் மற்றவர்கள் மடிக்கணினியைத் திறந்து ஒரே கோப்பில் எழுதிக்கொண்டிருக்க, உங்கள் கருவி மட்டும் வீட்டில் இருக்கும் திரையை எதிர்பார்த்துக் கிடந்தால், உங்கள் பங்கை இரவில் வீட்டுக்குப் போய்த்தான் செய்ய வேண்டியிருக்கும்.

திரையை மட்டும் எடுத்துப் பாருங்கள். ஸ்டீம் டெக்கின் முதல் வகைக்கு 7 அங்குலத் திரை. 2023 நவம்பரில் வந்த ஓலெட் வகைக்கு 7.4 அங்குலம். 14 அங்குல மடிக்கணினியோடு ஒப்பிட்டால் 7 அங்குலத் திரை பாதி என்று தோன்றும். ஆனால் அங்குலக் கணக்கு குறுக்களவைக் குறிப்பது. குறுக்களவு பாதியானால் பரப்பு கால்பங்காகக் குறைந்துவிடும். அந்தக் கால்பங்கு இடத்தில் ஸ்டீம் டெக்கை மேசைக்கணினி முகப்புக்கு மாற்றி, ஒரு கட்டுரையைத் திறந்து வைத்துக்கொள்கிறீர்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். எழுதுவதற்காக ஸ்டீம் பொத்தானையும் எக்ஸ் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் திரையில் விசைப்பலகை எழும்பி, கட்டுரையின் பெரும்பகுதியை மறைத்துக்கொள்ளும். மிஞ்சிய சில வரிகளைப் பார்த்துக்கொண்டே, இரு கட்டைவிரல்களால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்ட வேண்டும். முகவரி ஒன்றைத் தட்டச்சு செய்ய அது போதும். 2,000 சொல் அறிக்கைக்குப் போதாது. நிரலில் ஓர் அடைப்புக்குறி விடுபட்டிருந்தால் அது எங்கே என்று தேடுவதற்கும் கண் மிகவும் சிரமப்படும்.

விசைப்பலகையையும் எடுத்துச் செல்லக்கூடிய திரையையும் பையிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று அண்ணன் கேட்கக்கூடும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓலெட் ஸ்டீம் டெக் 640 கிராம். எடுத்துச் செல்லும் திரை ஏறத்தாழ 700 கிராம். அதனுடன் விசைப்பலகை, சுட்டி, மின்னேற்றி, எல்லாவற்றையும் ஒரே யுஎஸ்பி-சி துளையில் இணைக்கும் கருவி ஆகியவற்றைச் சேர்த்தால் பையின் எடை 2 கிலோவை நெருங்கிவிடும். 1.3 அல்லது 1.4 கிலோ எடையுள்ள மடிக்கணினியைக் கையில் எடுத்துத் திறந்தவுடன் வேலை தொடங்கிவிடுகிறது. இந்த ஏற்பாட்டிலோ ஒவ்வொரு முறையும் கம்பிகளைப் பிரித்து இணைக்க வேண்டும். இணைத்த பிறகும் கேமரா இருக்காது. ஸ்டீம் டெக்கிலும் ஆர்ஓஜி அல்லையிலும் கேமரா இல்லை என்பதைப் பலர் வாங்கிய பிறகே கவனிக்கிறார்கள். இணையவழி வகுப்பில் முகத்தைக் காட்டச் சொன்னால் அதற்கும் தனியாக ஒன்று வாங்க வேண்டும்.

மென்பொருளைப் பொறுத்தவரை, ஸ்டீம் டெக்கைத் தேர்ந்தெடுப்பவர்கள் கூடுதலாக ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அது விண்டோஸில் இயங்குவதில்லை, லினக்ஸ் என்னும் வேறோர் இயங்குதளத்தை அடிப்படையாகக் கொண்ட ஸ்டீம்ஓஎஸ்ஸில் இயங்குகிறது. லிப்ரே ஆஃபிஸ், உலாவி, பல நிரலாக்கக் கருவிகள் ஆகியவை அதில் நன்றாகவே வேலை செய்யும். லினக்ஸைக் கற்றுக்கொள்ளும் ஆர்வம் இருந்தால் அதுவே ஒரு நல்ல பள்ளிக்கூடம். ஆனால் மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸின் முழு வடிவத்தையும் நிரல் எழுத உதவும் விஷுவல் ஸ்டுடியோவையும் அதில் நேரடியாக நிறுவ முடியாது. கணினி அமைப்பின் அடிப்படைக் கோப்புகள் மாற்ற முடியாதவாறு பூட்டப்பட்டிருக்கும். பூட்டைத் திறந்து நீங்கள் சேர்ப்பவை அடுத்த புதுப்பிப்பில் அழிந்துவிடக்கூடும். தேர்வு நேரத்தில் வேறு எதையும் திறக்க விடாமல் தடுக்கும் உலாவிகள் சிலவற்றைக் கல்வி நிலையங்கள் பயன்படுத்துகின்றன. அவற்றில் பரவலாக அறியப்பட்ட ரெஸ்பாண்டஸ் லாக்டவுன் பிரவுசர் விண்டோஸிலும் மேக்கிலும் இயங்கும், லினக்ஸில் இயங்காது. தேர்வு நாளன்று காலையில் இது தெரியவந்தால் ஒன்றும் செய்ய முடியாது. தமிழில் எழுதும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் அதையும் கருதுங்கள்: விண்டோஸ் 11இலும் மேக்கிலும் தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது, மொழி அமைப்பில் சேர்த்துக்கொண்டால் போதும்.

மின்கலம் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் ஸ்டீம் டெக்கிலும் முதல் ஆர்ஓஜி அல்லையிலும் இருப்பது 40 வாட்-மணி மின்கலம். கனமான விளையாட்டு ஒன்று திரையோடு சேர்த்து 25 வாட் இழுத்தால், 40ஐ 25ஆல் வகுத்துப் பாருங்கள்: ஒன்றரை மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலாகவே கிடைக்கும். கல்லூரிக்குப் போகும் ரயில் பயணத்தில் விளையாடிவிட்டு வகுப்பில் அமர்ந்தால், படிப்புக்கென மிஞ்சுவது மிகக் குறைவு. பொழுதுபோக்கும் படிப்பும் ஒரே மின்கலத்தைப் பங்குபோட்டுக்கொள்வது எனக்குச் சற்றும் உடன்பாடில்லாத ஏற்பாடு.

எனவே உங்கள் 1,500 வெள்ளியில் 16 ஜிபி நினைவகமும் 512 ஜிபி எஸ்எஸ்டி சேமிப்பகமும் கொண்ட, ஒன்றரைக் கிலோவுக்கு மேற்படாத 14 அங்குல மடிக்கணினியைத் தேடுங்கள். நினைவகத்தில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். மெலிதான மடிக்கணினிகள் பலவற்றில் அது தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் பிறகு கூட்ட முடியாது. ஆண்ட்ராய்டு செயலிகளை உருவாக்கிச் சோதிக்கும் பாடம் வந்தால் 8 ஜிபி மிகவும் திணறும். வாங்குவதற்கு முன் உங்கள் துறை பரிந்துரைக்கும் கணினி விவரக்குறிப்பைக் கல்லூரியிடம் கேட்டுப் பெறுங்கள். விளையாட்டு வடிவமைப்பு, முப்பரிமாண அசைவூட்டம் போன்ற துறைகளில் தனி வரைகலை அட்டை உள்ள கணினி தேவைப்படும். அப்படிப்பட்ட துறையில் சேருபவருக்கு நான் மேலே சொன்ன எடை வரம்பு பொருந்தாது. பையின் பாரத்தைப் பொறுத்துக்கொண்டு கனமான கணினியையே அவர் வாங்க வேண்டும்.

விளையாடும் ஆசையை மூட்டை கட்டி வைக்கச் சொல்லவில்லை. வால்வ் நிறுவனத்தின் இணைய விளையாட்டுக் கடையான ஸ்டீமில், உங்கள் கணக்கில் நீங்கள் இன்று வாங்கும் விளையாட்டுகள் அந்தக் கணக்கிலேயே இருக்கும். மெல்லிய மடிக்கணினியில் எளிய விளையாட்டுகளை இப்போது விளையாடலாம், ஈராண்டு கழித்துக் கையடக்கக் கருவி வாங்கினால் அவற்றில் பெரும்பாலானவற்றை அதிலும் தொடரலாம். நீங்கள் உழைத்துச் சேர்த்த பணம் இது. அம்மாவுக்குப் பணிந்து வாங்கியதாக எண்ணாமல், இந்தக் காரணங்களை நீங்களே எடைபோட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

கேள்வி: என் மகன் உயர்நிலை மூன்றாம் வகுப்பில் படிக்கிறான். பள்ளியில் வாங்கிய மடிக்கணினி இருக்கிறது. "படிப்புக்குத்தான் அது இருக்கிறதே, எனக்கு நின்டெண்டோ சுவிட்ச் 2 வாங்கிக் கொடுங்கள்" என்று கேட்கிறான். மறுக்க மனம் வரவில்லை. வாங்கிக் கொடுக்கவும் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
— வாசகி, ஈசூன்

பதில்: அம்மா, உங்கள் மகன் கேட்பதில் நியாயம் இருக்கிறது. கல்வி அமைச்சின் தனிப்பட்ட மின்னிலக்கக் கற்றல் திட்டத்தின் கீழ், 2021ஆம் ஆண்டின் இறுதிக்குள் உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் அனைவருக்கும் சொந்தக் கற்றல் கருவி கிடைக்க வகை செய்யப்பட்டது. மாணவரின் கல்விச் செலவுக்காக அரசாங்கம் பணம் போடும் எடுசேவ் கணக்கிலிருந்து அதற்குப் பணம் செலுத்தவும் இடமுண்டு. அந்தக் கருவியில் நிறுவப்பட்டிருக்கும் கருவி மேலாண்மைச் செயலி, எந்த மென்பொருளை நிறுவலாம், எந்த நேரத்தில் பயன்படுத்தலாம் என்பவற்றைக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே படிப்புக்கான கருவி உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. அதில் அவன் விரும்பியபடி விளையாட முடியாது என்பதும் உண்மை. அவன் கேட்பது முழுக்க முழுக்கப் பொழுதுபோக்குக்கான பொருள். அதை அப்படியே ஏற்றுக்கொண்டு பேசுவது நல்லது. "படிப்புக்கும் உதவும்" என்று யாரும் யாரையும் சமாதானப்படுத்த வேண்டியதில்லை. சுவிட்ச் 2இல் கட்டுரை எழுத முடியாது, பள்ளியின் கற்றல் தளத்தைத் திறந்து பயிற்சி செய்யவும் முடியாது.

என்னைக் கேட்டால், பள்ளி மாணவனுக்கு அந்தக் குறைபாடே ஒரு நன்மை என்பேன். எல்லாவற்றையும் செய்யக்கூடிய ஒரு கணினியைக் கொடுத்துவிட்டு அவன் அதில் என்ன செய்கிறான் என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, விளையாட்டுக்கு மட்டுமே பயன்படும் ஒரு கருவி கையில் இருந்தால் அவன் எப்போது விளையாடுகிறான் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். நின்டெண்டோவின் பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலியை உங்கள் கைப்பேசியில் நிறுவிக்கொண்டால், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம், இரவு எத்தனை மணி வரை என்று வரையறுக்கலாம். நேரம் முடிந்ததும் எச்சரிக்கை மட்டும் காட்டலாமா, விளையாட்டையே நிறுத்திவிடலாமா என்பதையும் நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். சுவிட்ச் 2இல் நண்பர்களோடு பேசிக்கொண்டே விளையாடும் கேம்சாட் வசதி இருக்கிறது. 16 வயதுக்கு உட்பட்டவர்கள் அதைப் பயன்படுத்தப் பெற்றோரின் அனுமதி தேவை. யாரோடு பேசலாம் என்பதற்கும் நீங்களே ஒப்புதல் கொடுக்க வேண்டும். இந்த அமைப்புகளை அவன் அருகில் உட்கார்ந்திருக்க, அவனுக்குத் தெரியவே செய்யுங்கள். மறைவாகச் செய்தால் முதல் நாளே சண்டை வரும்.

செலவைப் பற்றி ஒன்று. கருவியின் விலையோடு கணக்கு முடிவதில்லை. விளையாட்டுகள் ஒவ்வொன்றுக்கும் தனியே பணம் கொடுக்க வேண்டும், இணையத்தில் பிறரோடு சேர்ந்து விளையாடப் பெரும்பாலும் சந்தாவும் கட்ட வேண்டும். பதிவிறக்கம் செய்யும் விளையாட்டை விற்க முடியாது, அட்டையாக வாங்குவதை விளையாடி முடித்தபின் விற்கலாம் அல்லது நண்பர்களோடு மாற்றிக்கொள்ளலாம். பழைய சுவிட்ச் அட்டைகளில் பெரும்பாலானவை சுவிட்ச் 2இலும் இயங்குவதால், அவன் நண்பர்களிடம் இருப்பவையும் பயன்படும். ஆண்டுக்கு இத்தனை விளையாட்டுகள் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

நான் தயங்குவது ஒரே ஒரு நிலையில்தான். மகன் அடுத்த ஆண்டு உயர்நிலை நான்கில் பள்ளி இறுதித் தேர்வை எழுதுவான். ஆண்டு முடிவில் வாங்கிக் கொடுத்தால், புதிய பொருளின் மயக்கம் தேர்வு ஆண்டின் தொடக்கத்தோடு மோதும். வாங்குவதென்று முடிவெடுத்தால் இவ்வாண்டின் ஜூன் விடுமுறையிலேயே வாங்கிக் கொடுங்கள். விடுமுறையில் ஆசை தீர விளையாடட்டும். இரவில் அந்தக் கருவிக்கும் பள்ளி மடிக்கணினிக்கும் மின்னேற்றும் இடம் வரவேற்பறையாக இருக்கட்டும், படுக்கையறையாக வேண்டாம்.

கேள்வி: பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், விடுதியில் தங்கியிருக்கிறேன். மூன்றாண்டுப் பழைய மடிக்கணினி மெதுவாகிவிட்டது. அதை விற்றுவிட்டு ஒரு கேமிங் மடிக்கணினி வாங்கினால் படிப்பு, விளையாட்டு இரண்டும் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன். நண்பர்களோ பழையதை வைத்துக்கொண்டு கையடக்கக் கருவி வாங்கச் சொல்கிறார்கள். நான் இரவில் கதை விளையாட்டுகளும், வாரயிறுதியில் விடுதி நண்பர்களோடு வேலோரன்ட்டும் விளையாடுவேன்.
— வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: நீங்கள் எந்த விளையாட்டு என்று குறிப்பிட்டு எழுதியது நல்லதாயிற்று, இந்தக் கேள்விக்கான பதில் அதில்தான் இருக்கிறது. வேலோரன்ட், சுட்டியையும் விசைப்பலகையையும் கொண்டு விளையாடும் போட்டி விளையாட்டு. அதன் வான்கார்ட் என்னும் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் விண்டோஸில் மட்டுமே இயங்குவதால், ஸ்டீம்ஓஎஸ் உள்ள கருவியில் அந்த விளையாட்டு ஓடாது. ஃபோர்ட்நைட் விளையாட்டும் அதில் ஓடாது. விண்டோஸ் உள்ள கையடக்கக் கருவியில் வேலோரன்ட்டை நிறுவ முடிந்தாலும், கட்டைவிரல் நெம்புகோல்களால் கணினியில் அதை விளையாட வழியில்லை. ஆனால் வேலோரன்ட் கணினியிடம் அதிகம் கேட்காத விளையாட்டு. தனி வரைகலை அட்டை இல்லாத சாதாரண மடிக்கணினிகளிலும் ஓடும்படியாகவே அது அமைக்கப்பட்டது. உங்கள் பழைய கணினி அதற்குப் போதும்.

பழைய கணினி மெதுவானதற்குக் காரணம் என்ன என்று முதலில் பாருங்கள். மூன்றாண்டில் ஒரு செயலி கிழடாவதில்லை. சேமிப்பகம் நிரம்பியிருக்கலாம், காற்றுப் போகும் துளைகளில் தூசு அடைத்து, சூடு ஏறியதும் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருக்கலாம். நம் ஊர் வெப்பத்தில், குளிரூட்டி இல்லாத விடுதி அறையில் மெத்தைமேல் வைத்துப் பயன்படுத்தும் மடிக்கணினிகளுக்கு இது அடிக்கடி நேர்கிறது. விசிறியைச் சுத்தம் செய்து, பெரிய எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு, மின்கலம் தளர்ந்திருந்தால் அதையும் மாற்றினால், புதிய கணினியின் விலையில் சிறு பகுதியே செலவாகும். சாலிட்வொர்க்ஸ் போன்ற வடிவமைப்பு மென்பொருள் விண்டோஸுக்கே உரியது. பாடப் பயிற்சியாகச் செய்யும் சிறிய பாகங்களும் இணைப்புகளும் 16 ஜிபி நினைவகம் உள்ள சாதாரண கணினியில் ஓடிவிடும். பெரிய உருவகப்படுத்தல்களுக்கு ஆய்வகக் கணினிகளைப் பயன்படுத்தலாம்.

கேமிங் மடிக்கணினியின் மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் நாள்தோறும் தோளில் சுமந்து, விரிவுரைக்கு விரிவுரை மாறும் மாணவருக்கு அது பொருத்தமற்றது என்பதில் உறுதியாக இருக்கிறேன். பலவும் 2 கிலோவைத் தாண்டுபவை. 200 வாட் அளவிலான மின்னேற்றி தனிச் சுமை. அதிலுள்ள தனி வரைகலை அட்டையின் முழு வேகம், கம்பியைச் செருகியிருக்கும்போதுதான் கிடைக்கும். மின்கலத்தால் அவ்வளவு மின்சாரத்தை ஒரே நேரத்தில் கொடுக்க இயலாது என்பதால், கம்பியைக் கழற்றியதும் கணினி தன்னை அடக்கிக்கொள்ளும். நீங்கள் கூடுதலாகக் கொடுத்த பணத்திற்கான பயன் விடுதி அறை மேசையில் மட்டுமே கிடைக்கும். எடையோ நாள் முழுவதும் கூடவே வரும். தவிர, விளையாடும்போது எழும் விசிறிச் சத்தத்தைப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவரும் கேட்க வேண்டும்.

கதை விளையாட்டுகளுக்குக் கையடக்கக் கருவியைவிட நிறைவான இடம் வேறில்லை. நடுவில் நிறுத்தி, பொத்தானை அழுத்தி உறங்க வைத்துவிட்டு, மறுநாள் அதே காட்சியிலிருந்து சில நொடிகளில் தொடரலாம். ஸ்டீம் டெக்கில் இந்த வசதி மிக நேர்த்தியாக அமைந்திருக்கிறது. விண்டோஸ் கருவிகளில் இது அவ்வளவு நம்பகமாக இருப்பதில்லை. நீங்கள் விண்டோஸ் வேலைகளை மடிக்கணினியில் செய்யப்போவதால், இரண்டாவது கருவியிலும் விண்டோஸ் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. திரையின் கூர்மையும் வேகமும் முக்கியம் என்றால் 1080 புள்ளித் திரையும் 120 ஹெர்ட்ஸும் உள்ள ஆர்ஓஜி அல்லையைப் பாருங்கள். அதில் மின்கலம் நீடிக்கவில்லை என்ற குறையைத் தீர்க்க 2024இல் வந்த அல்லை எக்ஸ், 80 வாட்-மணி மின்கலம் கொண்டது. லீஜன் கோவின் 8.8 அங்குலத் திரை அழகானதுதான், ஆனால் 850 கிராமுக்கும் மேற்பட்ட கருவியைக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பிடித்திருப்பது கைக்கு வலிக்கும்.

உங்கள் நண்பர்கள் சொன்ன வழியே சரி. பழைய கணினியைச் செப்பனிடுங்கள். அடுத்த தேர்வு முடிந்ததும் கருவியை வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் வருமானம் குறைவு. மகள் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் சேர்ந்திருக்கிறாள். மலிவான கணினிக்கு உதவி கிடைக்குமா?
— வாசகர், தோ பாயோ

பதில்: கிடைக்கும். தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் 2023இல் தொடங்கிய டிஜிட்டல் ஆக்சஸ் அட் ஹோம் திட்டம், வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினியையும் அகன்ற அலைவரிசை இணைய இணைப்பையும் கழிவு விலையில் வழங்குகிறது. தகுதிக்கான வருமான வரம்பு அவ்வப்போது மாறுவதால், விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் உள்ள விவரத்தை ஆணையத்திடமே கேளுங்கள். மகளின் கல்விக் கழகத்தில் மாணவர் நலனைக் கவனிக்கும் அலுவலகத்தையும் அணுகுங்கள். கடன் வாங்கியோ மாதத் தவணையிலோ வாங்குவதற்கு முன் இந்த இரண்டு கதவுகளையும் தட்டிவிடுங்கள். கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: கடைகளில் ஒரே கருவி வெவ்வேறு விலைகளில் இருக்கிறது. இறக்குமதிப் பொருள் என்று சொல்லிக் குறைவாகவும் விற்கிறார்கள். பழைய பொருள்களை விற்கும் கரோசல் இணையத்தளத்தில் இன்னும் மலிவு. எதில் ஆபத்து குறைவு?
— வாசகர், பொங்கோல்

பதில்: கையடக்கக் கருவிகளில் பல, தயாரிப்பாளரின் உள்ளூர் முகவர் வழியாக வராமல், கடைக்காரரே வெளிநாட்டில் வாங்கி வந்து விற்பவை. அப்படி விற்பது சட்டத்திற்குப் புறம்பானதன்று. ஆனால் கருவி பழுதானால் யார் சரிசெய்வார், எத்தனை மாதத்திற்கு, எங்கே அனுப்புவார் என்ற மூன்று கேள்விகளுக்கும் கடைக்காரரின் பதில் ரசீதில் எழுத்தாக இருக்க வேண்டும். பெட்டியைத் திறந்து மின்னேற்றியையும் பாருங்கள். வேறு நாட்டுக்கான செருகி இருந்தால், கூடவே கொடுக்கும் மாற்று மின்னேற்றியில் சிங்கப்பூரின் பாதுகாப்புக் குறியீடு அச்சிடப்பட்டிருக்கிறதா என்று கவனியுங்கள். இரவு முழுவதும் செருகி வைக்கும் பொருளில் அந்தக் குறியீடு இல்லாமல் வாங்க வேண்டாம்.

வெளிநாட்டுத் தளத்தில் நீங்களே வாங்கினால் 9 விழுக்காடு பொருள் சேவை வரியைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 400 வெள்ளிக்கு மேற்பட்ட பொருளுக்கு அது இறக்குமதியின்போது வசூலிக்கப்படும். அஞ்சல் நிறுவனம் கையாளும் கட்டணமும் கேட்கலாம். இவற்றையும் கூட்டிப் பார்த்தால் சிம் லிம் சதுக்கத்துக் கடை விலைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இருக்காது.

கடையில் வாங்குவதற்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு. 2012 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கும் லெமன் சட்டத்தின்படி, பொருள் கைக்கு வந்து ஆறு மாதத்திற்குள் குறைபாடு தெரியவந்தால், அது விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிறுவ வேண்டியது கடைக்காரரின் பொறுப்பு. பழுதுபார்ப்பு அல்லது மாற்றுப் பொருளை நீங்கள் கேட்கலாம். கடையில் வாங்கிய பழைய பொருளுக்கும், அதன் வயதையும் விலையையும் கருத்திற்கொண்டு, இது பொருந்தும். தகராறு தீராவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தையும், 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தையும் நாடலாம். தனிமனிதர் தனிமனிதருக்கு விற்பதை லெமன் சட்டம் கட்டுப்படுத்தாது. கரோசலில் பெரும்பாலும் நடப்பது அதுதான்.

அங்கே வாங்குவதாக இருந்தால், எம்ஆர்டி நிலைய வாசலில் நின்றுகொண்டு அவசரமாகப் பணம் கொடுக்காதீர்கள். உட்கார இடமுள்ள ஓர் உணவங்காடியில் சந்தித்து, கால் மணி நேரமாவது கருவியை ஓட்டிப் பாருங்கள். நெம்புகோலிலிருந்து விரலை எடுத்த பிறகும் திரையில் குறி தானாக நகர்ந்தால் அது தேய்ந்துவிட்டது என்று பொருள். மின்னேற்றியைச் செருகி மின்னேறுகிறதா என்று பாருங்கள். திரையைக் கறுப்பாக்கி ஓரங்களில் வெளிச்சப் புள்ளிகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். விற்பவர் தம் கணக்கிலிருந்து வெளியேறி, கருவியைத் தொடக்க நிலைக்கு மாற்றிக் கொடுத்த பிறகே பணத்தைக் கொடுங்கள். பழைய மடிக்கணினி என்றால் விண்டோஸ் 11 ஏற்குமா என்பதை உறுதி செய்யுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இன்டெல் செயலி எட்டாம் தலைமுறைக்கு முந்தியதாக இருந்தால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதை மாணவருக்கு வாங்கிக் கொடுக்க வேண்டாம்.